அன்றைக்கு ஊர் ஒத்துக்கொண்டது

கண்ணு வினோத்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். ஊர் அடங்கிவிட்டது. உங்க நைனா தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்குகிறாரா, தூங்குகிற மாதிரி இருக்கிறாரா, தெரியவில்லை. விடியற்காலையில் ஏழுமலை சித்தப்பா எறாப் பெட்டியோடு காசிமேட்டுக்குப் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் உன் மெட்ராஸ் ரூமுக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாததா என்று நீ கேட்பாய். முடியாது கண்ணு. உன் குரலைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்குது, ராத்திரி ஃபேனுக்கு அடியில் படுக்காதே என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுவேன். என்னை உனக்குத் தெரியுமே. உங்கம்மா பொன்னேரி காலேஜில் பயத்தில்தான் டிகிரி வாங்கினாள் என்று உங்க நைனா சொல்வாரே, அது ஒன்றும் பொய் இல்லை.

முந்தாநாள் நீ போனில் சொன்னதையே இரண்டு நாளாக மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஷில்லாங் பக்கத்தில் ஏதோ ஒரு ஃபுட்பால் கிளப்பில் ஒரு சீசனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். முட்டியை டாக்டர் பார்த்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார் என்றாய். இந்த வாரக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததை நீ கேட்டுவிட்டாய். "ஊர்ல சீட்டு குலுக்கற நேரமாச்சே, நைனாவாலயும் இந்த வருசம் எறங்க முடியாது. நீயே சொல்லும்மா. போன வாட்டி மாதிரி ஊர்ல ஒத்துக்கலன்னா நா வந்துடறேன். அந்த தசரதன்கிட்ட போயி நீ கெஞ்சினு நிக்காத." நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போன வாட்டி மாதிரி என்று எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று அப்புறம் வீடு முழுக்கத் தேடினேன்.

அந்தப் போன வாட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு நேராகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ எப்படி ஆட்டக்காரன் ஆனாய் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு டச்சுக்காரன் கல்லறை மதில்தான் ஞாபகம் வருகிறது. பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மதிலை ஒட்டின பொட்டலில்தானே உங்கள் ஆட்டம். பந்து மதிலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். வாசல் பூட்டியிருக்கும். வாட்ச்மேன் வந்தாலும், உள்ள பெரிய மனுசங்க தூங்கறாங்க, போய் நாளைக்கி வாங்கடா என்று விரட்டுவார். அதனால் நீங்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டீர்கள், பந்தைத் தூக்கி அடிக்கிறவன் அவுட். கடைசிப் படகை விட்டுவிடுவாயோ என்ற பயத்தில் நான் வந்து நின்று கத்துவேன். அந்த வாசல் கல்லில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடு இருட்டினால் இறங்கி வந்து காலைப் பிடிக்கும் என்று ஒருநாள் மிரட்டினேன். நீ அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா நெட்டையா கீறாரும்மா, வந்தா கோல் கீப்பரா போட்டுக்கலாம்" என்றாய். பையன்கள் எல்லாம் புழுதியில் விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு உன் டிரில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "இவன் பந்த தரையோட தரையா வுடறாம்மா, பந்து வர்றதுக்கு முன்னாடியே தலைய நிமித்தி யார் எங்க நிக்கறான்னு பாத்து வெச்சிக்கறான், இது யாரும் சொல்லிக் குடுத்து வராது" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை சார், மதில் உயரமாக இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மாஸ்டர் உன்னை மெட்ராஸ் ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொன்னபோது உங்க நைனா ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டார். நான்தான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். எங்க ஊர் சுண்ணாம்புக்குளத்தில் என் அண்ணன் முகத்துவாரத்தில் மூழ்கிப் போனதிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, உனக்குத் தெரியும். தண்ணீருக்குப் பயந்து காலேஜுக்குப் போனவள், காலேஜை முடிக்கிறதுக்குள் சுற்றிலும் தண்ணீராக இருக்கிற குப்பத்துக்கே மருமகளாக வந்தேன். நீ வயிற்றிலிருக்கும்போதே கடைசி வருஷப் பரீட்சை எழுதினேன். என் பிள்ளை படகில் ஏறாமல் பிழைக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டவளும் நான்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி. அப்போதுதான் நான் செய்தது எத்தனை கோணல் என்று உனக்குப் புரியும்.

முதல் தடவை உன் ஆட்டத்தைப் பார்க்க நானும் நைனாவும் பொன்னேரியில் ரயிலேறி வந்தோம். தூக்குவாளியில் எறா வறுவல், இலையில் சுருட்டிக் கட்டின சோறு, ஆட்டத்துக்கு நடுவில் உனக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டம் முடிகிறவரைக்கும் நீ கோல் போடுவாய், போடுவாய் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ ஒரு பையன் போட்டான். எல்லாரும் ஓடிப்போய் அவன்மேல் விழுந்தார்கள். நீ நின்ற இடத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கினாய், அப்புறம் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாய். வெளியே வந்ததும் நான் கேட்டேன், நீ ஏன்டா போடலை என்று. நான் நடுவில் ஆடுகிறவன் அம்மா, பின்னால் இருக்கிறவனிடம் வாங்கி முன்னால் இருக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் என் வேலை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு ஆறவில்லை. அப்போது நீ செய்தது யாருக்குமே தெரியாதே என்றேன். வாயில் எறாவை வைத்துக்கொண்டே சொன்னாய், "பந்து வாங்கனவனுக்குத் தெரியும்மா."

ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா விடுவாளா. உம்புள்ள எத்தினி கோலு போட்டான் என்று கேட்டாள். அவன் நடுவில் ஆடுகிறவன் என்றேன். "நடுவுல நின்னுகினு இன்னா பண்றான், வெத்தல மடிக்கிறானா?" என்றாள். அன்றைக்கு ராத்திரி உங்க நைனா உப்பு டப்பாவையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் தரையில் வைத்து எனக்கு உன் இடம் எது என்று காட்டினார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சுற்று வலை வளைக்கும்போது நடுவில் நிற்கிறவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கயிறு விட வேண்டும், அந்த மாதிரிதான் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதற்கப்புறம் உன் ஆட்டங்களில் நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன்னை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீ எந்நேரமும் தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பார்ப்பாய். ஏதோ ஒரு சத்தம் கேட்டவன் மாதிரி.

கேரளாவில் ஒரு கிளப்பு உன்னை எடுத்துக்கொண்ட வருஷம் உனக்குப் பதினெட்டு முடிந்தது. பதினெட்டு முடிந்த ஆண்பிள்ளைக்குத் தலைக்கட்டு கேட்பது நம் ஊர் வழக்கம். உன் ரூம் பையன்களுக்கு இதை நீ ஒருநாள் வீடியோ காலில் விளக்கிக்கொண்டிருந்ததை நான் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். ஏரியில் எறா ஓடுகிற இடம் சிலதுதான், அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் வெட்டுக்குத்துதான் நடக்கும், அதனால் சீட்டு குலுக்கி இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்கிறோம், அந்த முறைக்குப் பேர் பாடு, பாட்டில் பங்கு இருக்கிற ஆம்பளைக்குத் தலைக்கட்டு என்று பேர், பங்கு வாங்கினவன் முதல் பாட்டில் தானே தண்ணியில் இறங்கி வலைக்குக் கழி நட வேண்டும் என்று எத்தனை அழகாகச் சொன்னாய். அந்தப் பையன்கள், அப்ப உங்க ஊரிலும் கேப்டன் இருக்காரா என்று கேட்டதற்கு, இருக்காரு, தசரதன்னு பேரு, விசில்தான் இல்ல என்றாய். அப்போதெல்லாம் உனக்கு அவர்மேல் எத்தனை பிரியம்.

நைனாவுக்குத் தோள் விட்டுப்போக ஆரம்பித்திருந்தது. உன் பேரில் தலைக்கட்டு எழுதி வைக்கலாம் என்று ஊரில் கேட்டோம், சரி என்றார்கள். அந்த வருஷச் சீட்டில் நமக்கு விழுந்த முதல் பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே வாரம் நீ போன் பண்ணினாய். ஒரு பையனுக்கு மஞ்சள் அட்டை சேர்ந்துபோய் ஒரு ஆட்டம் தடை, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பத்திலிருந்தே உன்னை இறக்கப்போவதாகக் கோச் சொல்லிவிட்டார் என்று. சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கிடைத்த நாள். பேசும்போது உனக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் நீயே, அய்யோ அன்னிக்கி நம்ம பாடு ஆச்சே என்றாய். ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இனிமேல் எழுதப்போவது உங்க நைனாவுக்கே இன்றைக்குச் சாயங்காலம்தான் தெரியும்.

விஷயம் தெரிந்ததும் ஏழுமலை சித்தப்பா தானாகவே பெரியவர்களிடம் போய், புள்ளைக்குப் பதிலா நா எறங்கறேன் என்று கேட்டிருக்கிறார். மறுநாள் ஆம்பளைகள் யாரும் கரையில் இல்லாத நேரம். நான் வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். தசரதன் மாமா வெயிலில் நடந்து வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "உக்காந்து பேசினோம்மா. புள்ள நல்லதுக்குத்தான் போயிக்கீறான். மொத பாட்டுக்கு ஏழுமல எறங்கட்டும். அவன் ஊருக்கு வர்றப்ப கோயில்ல ஒரு தேங்கா ஒடைக்கட்டும், போதும். சொல்லிடு அவங்கிட்ட, நிம்மதியா ஆடட்டும்."

ஊர் ஒத்துக்கொண்டது கண்ணு. ஒரு முணுமுணுப்பு கூட இல்லாமல் ஒத்துக்கொண்டது. உன்னிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். நான் அன்றைக்கு ராத்திரி உனக்குப் போன் பண்ணி, ஊரில் ஒத்துக்கொள்ளவில்லை, நீ வந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் தலைக்கட்டு போய்விடும் என்றேன்.  உன் பின்னால் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாய், "சித்தப்பா எறங்கக் கூடாதாமா?"

"கூடாதாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். பல நாள் எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். தலைக்கட்டு உன் கையில் நிலைக்க வேண்டும், ஆட்டம் எத்தனை நாளைக்கு, முட்டி போனால் திரும்பி வர ஒரு இடம் வேண்டாமா என்றெல்லாம். அதெல்லாம் அப்புறம் தேடிக்கொண்ட நியாயம். அன்றைக்கு நடந்தது இதுதான். அதற்கு முந்தின வாரம் நீ பேசும்போது, அடுத்த சீசனில் இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு என்று ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாய். நீ நிறுத்தியதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா பயப்படுவாள் என்று நிறுத்தினாய், இல்லையா. இந்தப் பையன் இனி வரமாட்டான், விருந்தாளி மாதிரி பொங்கலுக்கு வந்து போவான் என்று தோன்றிவிட்டது. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை நான் கூப்பிட்டால் வருகிறானா பார்க்கலாம் என்று நினைத்தேன். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற நான், உன்னை இழுக்கிறதுக்கு அந்தத் தண்ணீரையே கயிறாகப் பிடித்துக்கொண்டேன். நீ வந்தாய்.

ஒரு பொய்க்கு இன்னொன்று முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நைனாவிடமும் சித்தப்பாவிடமும், ஊர் ஒத்துக்கிட்டாலும் முதல் பாட்டுக்கு நானேதான் இறங்குவேன் என்று நீ அடம்பிடிப்பதாகச் சொன்னேன். உன்னிடம், ஊர் விஷயம், யாரிடமும் இதைப் பேசி வம்பு வளர்க்காதே என்றேன். உங்க நைனா டீக்கடையில் போய், எம்புள்ள ஆட்டத்தையே விட்டுட்டு பாட்டுக்கு வர்றான் என்று எத்தனை பெருமையாகச் சொன்னார் தெரியுமா. எல்லாரும் உன்னை மெச்சினார்கள். நீ ராத்திரி ரயிலில் வந்து, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, படகில் வந்து கரையில் கால் வைத்தபோது ஊர் முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தது. நீ யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாட்டுக்குப் படகு கிளம்பும்போது சித்தப்பா உன் தோளில் கை போட்டு, "ஆட்டத்த வுட்டுட்டு வந்துட்டியேடா" என்றார்.  இதோ உடைந்தது என்று நினைத்தேன். நீ, "இன்னா பண்றது சித்தப்பா" என்றாய், அவ்வளவுதான். அவர் ஒன்று நினைத்துக்கொண்டார், நீ ஒன்று நினைத்துக்கொண்டாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டம் ஆரம்பிக்கிற நேரமும் தண்ணீர் வடிகிற நேரமும் ஒன்றாக இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கழியைப் பிடித்துக்கொண்டு நீ ஒரே ஒரு தடவை மணி என்ன என்று கேட்டாயாம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம். அன்றைக்கு என்னமோ வெள்ளை எறாவாகக் கொட்டியது. ராசியான கை என்றார்கள். நான் அந்த எறாவை ஆய்ந்தேன், குழம்பு வைத்தேன், உனக்குப் பரிமாறினேன். நான் மட்டும் அதைத் தொடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்கு எறா ஒத்துக்கொள்வதில்லை என்று இப்போதெல்லாம் சொல்கிறேனே, அது அன்றையிலிருந்துதான்.

சாப்பிட்டுவிட்டு நீ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த ஆட்டத்தைப் போனில் பார்த்தாய். உன் இடத்தில் ஒரு மணிப்பூர்ப் பையன் ஆடினான். நடுவிலிருந்து அவன் விட்ட ஒரு பந்தில்தான் கோல் விழுந்தது. நீ அதைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளித் திரும்பப் பார்த்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பாரேம்மா, எங்க பாத்துகினு எங்க வுடறான் பாரு. நல்லா ஆடறான்" என்றாய். வயிற்றெரிச்சலே இல்லாமல் சொன்னாய். என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அந்தப் பையன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டான். நீ மறுபடி பெஞ்சு. அடுத்த வருஷம் உன்னைச் சின்னக் கிளப்பு ஒன்றுக்கு இரவலாக அனுப்பினார்கள். மழை விட்டுக் காய்ந்த ஏரிப் பள்ளம் மாதிரி ஒரு மைதானம் என்று நீயே போட்டோ அனுப்பினாய். அந்த மைதானத்தில்தான் முட்டி போனது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஆடியிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மோசமாகக்கூட ஆடியிருப்பாய். எந்தப் பக்கம் காற்று அடித்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் அது உன் ஆட்டம். நல்லதோ கெட்டதோ, உன் காலால் நடந்திருக்க வேண்டியதை நான் கரையில் நின்றுகொண்டே எடுத்துவிட்டேன். உன் ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நீ மயக்கம் தெளிந்து முதலில், "நைனாவ சாப்ட சொல்லு" என்றாய். மூடிக்கொண்டேன்.

இன்னொன்றையும் கெடுத்தேன். அது எனக்கு இன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. உனக்கு ஊர்மேல் மனசு விட்டுப்போனது. போன பொங்கலுக்குப் பையன்கள் வைத்த ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டார்கள், சும்மா வந்து நின்றாலே போதும் என்று கெஞ்சினார்கள். முட்டி வலி என்று படுத்துக்கொண்டாய். பெரிய ஆட்டக்காரன் ஆயிட்டான், தல திரும்பிடுச்சி என்று குழாயடியில் பேசினார்கள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குச் சாயங்காலம் தசரதன் மாமாவைப் பார்க்கப் போனேன். இந்த வருஷப் பாட்டுக்கு உனக்குப் பதிலாகச் சித்தப்பா இறங்க ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அவர் வலைக் கொட்டகையில் இருந்தார். உங்க நைனாவும் பக்கத்தில் கிழிசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா சிரித்தார். "இதுக்கா இம்மாந்தூரம் வந்த? அன்னிக்கே சொன்னேனே. ஒம்புள்ளதான் கேக்காம ஓடியாந்தான்." அதோடு விட்டிருந்தால் நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, குரலை இறக்கி இன்னொன்று கேட்டார். "யம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. அந்தப் புள்ளைக்கு எம்மேல இன்னா கோவம்? பொங்கலுக்கு எதிர்ல வந்தேன், மொகத்த திருப்பிகினு பூட்டான். நா இன்னா பண்ணேன் அவன?"

வயசான மனுஷன். இத்தனை நாளாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். நான் அங்கேயே சொல்லிவிட்டேன். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சொன்னது நான்தான் என்று. நைனாவின் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. மாமா துண்டைத் திரும்பக் கட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் ஏழுமல எறங்கட்டும், புள்ள பேரு அப்பிடியே இருக்கட்டும் என்றார். நைனாவைப் பார்த்து, வூட்டுக்குப் போயி வையாதடா என்றும் சொன்னார்.

உங்க நைனா வையவில்லை. எனக்கு முன்னால் நடந்து போனார். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே, "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "நா சொன்னா கோள் மூட்டன மாதிரி ஆயிடும். நீ சொல்லு" என்றார். சாப்பிட்டார். தைலம் தேய்த்துவிடவா என்று கேட்டேன், வேண்டாம் என்று தானே தேய்த்துக்கொண்டார். எட்டாத இடத்தில் தேய்க்கிறதுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வினோத், அம்மா என்கிற முறையில் உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், எனக்குச் சொல்ல வருவது இதுதான். இனிமேல் யாராவது உன்னிடம், அங்கே ஒத்துக்கொள்ளவில்லை, இங்கே விட மாட்டார்கள் என்று வந்து சொன்னால், அது கோச்சாக இருந்தாலும், நாளைக்கு உன் பெண்டாட்டியாக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், சம்பந்தப்பட்ட ஆளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். மைதானத்தில் தோளுக்கு மேலே அத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறவன், வீட்டுப் பக்கம் மட்டும் பார்க்காமலே வாங்கிக்கொண்டாய். அம்மாவிடமிருந்து வருவதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாய். அப்படி நினைத்ததில் உன் தப்பு எதுவும் இல்லை.

ஷில்லாங்குக்குப் போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டாய். நான் சொல்ல மாட்டேன். சொல்லுகிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. குளிர் அதிகம், சாப்பாடு வேறு, முட்டிக்கு ஆகுமோ என்று எனக்குள் ஆயிரம் ஓடுகிறது, அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. நீ போனாலும் தலைக்கட்டு உன் பேரில் இருக்கும். போகாமல் இங்கேயே வந்தாலும் யாரும் உன்னைத் தோற்று வந்தவன் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் நைனா கேட்டுக்கொள்வார். உன்னைக் கட்டிப் போட இந்தப் பக்கம் ஒரு கயிறும் இல்லை, இருந்த ஒன்றையும் இன்றைக்கு அவிழ்த்துவிட்டேன். நீ ஆடுவதைப் பார்க்க எனக்கு ஆசை. நீ என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை.

ஒரே ஒரு உதவி செய். என்மேல் எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு. தசரதன் மாமாவுக்கு மட்டும் ஒரு போன் பண்ணு. பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். சாப்டீங்களா மாமா என்று கேட்டால் போதும், அவருக்குப் புரியும்.

விடிகிற மாதிரி இருக்கிறது. சித்தப்பா படகில் பெட்டி ஏற்றுகிற சத்தம் கேட்கிறது. மத்தியானம் அவர் உன் ரூமுக்கு வருவார், சாயங்காலம்தான் ஊருக்குத் திரும்புவார். அவருக்கும் அன்றைக்கு நடந்தது இன்னும் தெரியாது. நீ படித்துவிட்டு, நீயே அவரிடம் சொல்லிவிடு. கிளப்புக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று இரண்டு வரி எழுதி அவர் கையிலேயே கொடுத்தனுப்பு. இன்றைக்கு எழுத மனசு வரவில்லை என்றால் நாளைக்கு எழுது. எதுவாக இருந்தாலும் சரி, சீக்கிரம் பதில் போடு கண்ணு.

அம்மா